ஊசியே போடாமல் எடுத்த ‘நிணநீர் ஸ்கேன்’

பினாங்கில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் நாங்கள் ஏமாந்த கதையை, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கித் தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை (திசுக்களில் ஊறும் நிணநீர் வடிந்து செல்லும் சிறு முடிச்சுகளை) அகற்றிக் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டு ஆனபோது, அம்மாவின் இடக்கை வளையல்கள் கழற்ற முடியாதபடி இறுகிவிட்டன. புறங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அந்நிலையத்தார் ‘நிணநீர் ஸ்கேன்’ என்று 1,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, குளிரூட்டிய அறையில் பத்து நிமிடம் நிற்கவைத்து, சிவப்பும் நீலமுமாக ஒரு படம் எடுத்து, ‘அடைப்பு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். போதாததற்கு ‘நச்சு நீக்கும்’ மாத்திரைகளையும் எங்கள் தலையில் கட்டினார்கள். படியிறங்கும்போதே அம்மா, “ஊசி ஒண்ணும் போடலையேம்மா?” என்று கேட்டார், அறுவைக்கு முன்பு கணுவைத் தேடுவதற்காக மருந்து ஏற்றியது அவருக்கு நினைவிருந்தது. நான்தான் “இப்பல்லாம் புது மெஷின்மா” என்று அவர் வாயை அடைத்தேன்.

அவர்கள் பயன்படுத்தியது தோலின் வெப்பத்தை மட்டும் பதிவுசெய்யும் தெர்மல் கேமரா. நிணநீரின் ஓட்டத்தைப் பார்க்கும் லிம்ஃபோசிண்டிகிராஃபியில், டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை விரலிடுக்குத் தோலில் ஊசியால் செலுத்தி, அது அக்குள் வரை ஏறுவதை, கதிரியக்கத்தைப் பதிவுசெய்யும் காமா கேமராவில் பார்ப்பார்கள். அதன் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தைச் செலுத்திப் பார்க்கும் முறையில், நீர் சீராக ஓடினால் கோடுகளாகவும், தேங்கினால் தோலில் சிதறிய புள்ளிகளாகவும் தெரியும். இரண்டுக்குமே ஊசி வேண்டும். ஒலியலையால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு ஊசி தேவையில்லை. ஆனால் அது இரத்த நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு உரியது, அதில் குறை தெரியாததால் நிணநீர் வீக்கம் இல்லை என்று ஆகிவிடாது.

நான்கு மாதம் கழித்து அரசு மருத்துவமனைக்குப் போனபோது, பிசியோதெரபிஸ்ட் ஓர் அளவு நாடாவை எடுத்து, மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, இரு கைகளையும் அளந்தார். முழங்கைக்குக் கீழே வித்தியாசம் 3 செ.மீ. அம்மாவைப் போல அறுவையும் கதிர்வீச்சும் கண்டவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நாடாவும் மருத்துவரின் பரிசோதனையுமே போதும் என்றார். எனக்குத் தலை குனிந்தது. அதற்குள் புறங்கை இறுகி, அழுத்தினாலும் குழி விழாத நிலைக்கு வந்திருந்தது. இப்போது தினமும் கையை இறுக்கிக் கட்டுப் போடுவதும் பயிற்சியும்தான்.

எந்தக் கருவியில் எடுத்தீர்கள், படத்தைப் பார்த்த கதிரியக்க மருத்துவர் யார் என்று அந்நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். இரண்டாவது ஸ்கேனுக்குச் சலுகை தருவதாகப் பதில் வந்தது.