78 தட்டுக்கு என்று எல்பி முள்ளைத் தலையில் கட்டுகிறார்கள்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் கணக்குப்பிள்ளையாக இருந்த தாத்தா, ஒரு தகரப் பெட்டி நிறைய அரக்கு இசைத்தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளை, விட்டுப் போனார். பாதிக்கு மேல் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1933இலேயே போய்விட்ட மனிதர். அவர் குரல் பதிவானதெல்லாம் இந்த வகைத் தட்டில்தான். அதில் ஒன்றை என் கையாலேயே பாழாக்கிவிட்டேன். இன்னொருவர் வீட்டில் இது நடக்கக் கூடாது.

சேலம் டவுனில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் விற்கும் ஒரு கடையில் பிளேயர் வாங்கினேன். 33, 45, 78 மூன்று வேகமும் அதில் உண்டு. “78க்கு முள் தனியா வேணுமாண்ணே?” என்று கேட்டேன். “இதுலயே ஓடும் தம்பி. இருந்தாலும் உங்களுக்கு 78 முள்ளே போட்டுத் தர்றேன்” என்று அதற்குத் தனியாக 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் போட்டால், காய்ந்த எண்ணெயில் வெங்காயத்தைக் கொட்டியது போல இரைச்சல். குரல் எங்கோ அடியில் கேட்டது. போன் செய்தேன். “தட்டு அழுக்கா இருக்கும், மெடிக்கல்ல ஸ்பிரிட் வாங்கித் தொடைங்க” என்றார். தொடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்குதான் வருகிறது என்று இன்னும் அழுத்தினேன். காய்ந்த பிறகு பார்த்தால், கண்ணாடி போல மின்னிய தட்டு சிலேட்டுப் பலகையாக வெளிறிக் கிடக்கிறது.

பக்கத்து வீட்டில் கதவு வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியிடம் காட்டினேன். “அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுத்தானுங்க நாங்க பாலிஷே போடுறோம்” என்றார். பிளேயர் விற்பவருக்குத் தெரியாததா இது?

அப்புறம்தான் முள் மேல் சந்தேகம் வந்தது. கீறல் விழுந்த, வேண்டாத எல்பி (பின்னாளில் வந்த, 33 வேகத்தில் ஓடும் பிளாஸ்டிக் தட்டு) ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சுத்தமாகப் பாடியது. உண்மையான 78 முள் எல்பியில் அப்படிப் பாடாது. 78 முள்ளின் முனை ஆரம் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 76 மைக்ரான். எல்பி முள் வெறும் 18 முதல் 25 மைக்ரான்தான். 78 தட்டின் பள்ளம் அகலமானது. பாட்டு இருப்பது அதன் இரண்டு சுவர்களில். மெல்லிய முள் சுவரில் பதியாமல் அடியில் இறங்கி, தூசியில் இழுபடுகிறது. வேகத்துக்கான சுவிட்ச் தட்டைத்தான் சுற்றும், முள்ளை மாற்றாது.

திரும்பக் கொண்டுபோனபோது “போட்ட முள்ளை எடுக்க மாட்டோம்” என்றார்கள். பில்லில் ‘ஊசி 1’ என்று மட்டும் இருந்தது. அதனால் ‘78 முள், 3 மில்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் வாங்காதீர்கள். உங்கள் காட்ரிட்ஜ் (முள்ளைப் பிடித்திருக்கும் பகுதி) மாடலுக்கு 78 முள் வருகிறதா என்றும் முதலிலேயே பாருங்கள், எல்லாவற்றுக்கும் வராது. அந்த முள்ளை மறந்தும் நல்ல எல்பியில் வைக்காதீர்கள். சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால் இரும்பு ஊசிதான், ஒரு பக்கத்துக்கு ஒன்று. அரக்கோடு கல்தூளும் கலந்திருப்பதால் ஊசி சீக்கிரம் தேயும், தேய்ந்தது தட்டை அறுக்கும். துடைக்கத் தண்ணீரில் துளி சோப்பு, மெல்லிய துணி போதும். லேபிள் நனையக் கூடாது.

சரியான முள்ளை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். மிச்சத் தட்டுகளில் கிட்டப்பா குரல் அடியிலிருந்து எழுந்து வந்துவிட்டது. போன ஞாயிறு அந்தக் கடைப் பக்கம் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே முள்கள், ‘எல்லாத் தட்டுக்கும்’ என்று சீட்டு ஒட்டி.