சென்னையில் சிப்பி தேடிய பத்து நாள்

சிட்னிக்குக் குடிபோய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அங்கே நாக்கில் ஒட்டிக்கொண்ட ருசி பாறைச் சிப்பி, அதாவது ஆய்ஸ்டர். மீன் மார்க்கெட்டில் ஒரு டஜன் வாங்கி, எலுமிச்சை பிழிந்து, நின்ற இடத்திலேயே தின்றுவிடுவேன். பிப்ரவரியில் ஊருக்கு வந்தபோது, இவ்வளவு பெரிய கடலை வைத்திருக்கும் சென்னையில் நல்ல சிப்பி எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிட நினைத்தேன். தங்கல் பட்டினப்பாக்கத்தில், சித்தி வீட்டில்.

முதல் நாள் ராத்திரி செயலியில் 'ஆய்ஸ்டர்' என்று தேடினேன். ஆய்ஸ்டர் சாஸ் போட்ட சிக்கன் வந்தது, அப்புறம் வரிசையாகச் சிப்பிக் காளான். கடையில் கேட்டாலும் குழப்பம்தான். கன்னியாகுமரிப் பக்கத்து ஆளிடம் சிப்பி என்றால், மலையாளிகள் கல்லுமக்காய் என்கிறார்களே, அதைத்தான் நினைப்பார். அதுவும் அருமையான சரக்குதான். சென்னையில் கேரளச் சாப்பாட்டுக் கடைகள் சிலவற்றில் மிளகு போட்டு வறுத்துக் கொடுக்கிறார்கள். நான் தேடியது வேறு: ஓடு கரடுமுரடாக, ஒன்றன்மேல் ஒன்று அப்பிக் கிடக்குமே, அது.

ஒரு நட்சத்திர ஓட்டலில் பச்சைச் சிப்பி இருந்தது. ஐஸ் மேல் அழகாக அடுக்கிக் கொண்டுவந்தார்கள். எந்த ஊர்ச் சரக்கு, எப்போது வந்தது என்று கேட்டேன். பரிமாறிய பையன் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "இம்போர்ட்டட் சார்" என்றான். அவ்வளவுதான். ஓட்டுக்குள் நிற்க வேண்டிய உப்புத் தண்ணீர் சொட்டுக்கூட இல்லை. இரண்டு தின்றுவிட்டு மீதியை வைத்துவிட்டேன். பையன்மேல் குறை இல்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். ஆனால் சிட்னியில் சிப்பி மூட்டையில் எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று சீட்டு இருக்கும். பச்சையாகத் தின்னக் கொடுப்பவர்கள் தேதியாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காசிமேட்டுக்கு விடியற்காலையில் போனேன். ஏலச் சத்தம், ஐஸ் பெட்டி, காலுக்கடியில் தண்ணீர் எல்லாம் அப்படியே இருக்கிறது. சங்கரா, வஞ்சிரம், கடம்பா, நண்டு எல்லாம் குவிந்திருந்தன. சிப்பி மட்டும் கண்ணில் படவில்லை. ஓர் அக்காவிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் யாருப்பா இங்க வாங்குறாங்க? எடுக்கிறவங்க வீட்டுலயே ஆக்கித் தின்னுடுவாங்க" என்றார். நொச்சிக்குப்பத்தில் 2024ல் திறந்த மீன் அங்காடியிலும் இதே பதில். ஆனால் மீன் வாங்க அந்த இடம் எனக்குப் பிடித்தது. தலைக்குமேல் கூரை, மேடையில் சரக்கு. சித்தி நிதானமாகச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்கினார்.

கடைசியில் கிடைத்தது கோவளம் பக்கம். முட்டுக்காடு கழிமுகத்தில் பாறையிலும் தூண்களிலும் சிப்பி ஒட்டி வளர்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது: கிராசோஸ்டிரியா மதராசென்சிஸ். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. சிட்னிச் சிப்பி வளர மூன்று வருஷம் ஆகும். இது வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு வருஷத்திலேயே தேறிவிடும். பழவேற்காட்டில் இதை வளர்த்துப் பார்க்க, அன்றைய மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1910 வாக்கிலேயே முயன்றிருக்கிறார். இன்றைக்குக் கேரளக் காயல்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து இதே சிப்பியை வளர்த்து விற்கிறார்கள்.

தெரிந்த ஆட்டோ அண்ணன் ஒரு மீனவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டு அம்மா திண்ணையில் ஒரு கூடைச் சிப்பியைக் கொட்டி, உளி முனையால் ஒவ்வொன்றையும் தட்டினார். லேசாக வாய் பிளந்திருந்த ஒன்று, தட்டியதும் மெதுவாக மூடிக்கொண்டது. "மூடிக்கிச்சுன்னா உசுரு இருக்கு தம்பி. தொறந்தே கெடந்தா தூக்கிப் போட்டுடணும்" என்றார். சேறு போகத் தேய்த்துக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டார். வெந்தும் வாய் திறக்காத இரண்டை ஒதுக்கினார். கறியை வழித்தெடுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, நிறைய மிளகு போட்டு இரும்புச் சட்டியில் சுருள வதக்கினார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் மாதிரி. கடிக்கும்போது கடல் வாசனை மூக்கு வரை ஏறியது. அந்த நட்சத்திர ஓட்டல் தட்டு இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

பச்சையாக ஒன்று தின்னட்டுமா என்று கேட்டேன். "வேணாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் வயிறு வளர்க்கிறது. தண்ணீரில் இருக்கிற கிருமியும் அதற்குள் சேரும். சிட்னிப் பக்கம் பெருமழை பெய்தால் அறுவடையை நிறுத்திவைத்து, தண்ணீரைச் சோதித்த பிறகுதான் மறுபடி எடுக்க விடுவார்கள். இங்கே கழிமுகத்தில் எடுத்து நேராக வீட்டுக்கு வருகிற சிப்பிக்கு அந்தக் காவல் இல்லை, அதனால் நன்றாக வேகவைத்தே ஆக வேண்டும். அடையாறு, கூவம் முகத்துவாரச் சிப்பி வேண்டவே வேண்டாம். எண்ணூர்ச் சரக்கையும் நான் தொட மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய கழிமுகம் அது. கிருமி கொதியில் சாகும், எண்ணெயும் உலோகமும் எங்கே போகும்? காலம் காலமாக அங்கே மட்டியும் இறாலும் எடுத்துப் பிழைத்த குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

போகிறவர்கள் மழை முடிந்து கழிமுகத்தில் உப்பு ஏறிய பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், கேட்டவுடன் கிடைக்காது. அந்த அம்மா காசு வாங்கத் தயங்கினார், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். கிளம்பும்போது சித்திக்கென்று வாழை இலையில் ஒரு பொட்டலம் மடித்துத் தந்தார். பட்டினப்பாக்கம் வந்து சேரும்வரை அது மடியில் சூடாகவே இருந்தது.