பூனை நக உறை: சுங்கை சிப்புட்டில் யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

பூனை சோபாவைப் பிறாண்டிக் கிழிக்காமல் இருக்க அதன் நகத்தின் மேல் ஒட்டும் தொப்பி போன்றதுதான் நக உறை. பாக்கெட்டில் இருபது மெல்லிய வினைல் உறைகள், ஒரு சின்னப் பசைக் குழாய், பசையை உள்ளே விட ஒரு ஊசிமுனை. ஷோப்பியில் பத்து வெள்ளிக்குள் கிடைக்கிறது. முன்கால் இரண்டிலும் சேர்த்துப் பத்து நகம் என்பதால் இரண்டு சுற்றுக்கு வரும். தாமான் வீட்டில் வாசல் தாண்டாத பூனை என்றால் வாங்கலாம். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் சுற்றிவிட்டு வரும் பூனைக்கு வேண்டவே வேண்டாம். தெருநாய் துரத்தினால் அது மரத்தைப் பற்றி ஏற நகம் வேண்டும்.

புது சோபா வந்த வீடுகளில் "ஒரேயடியாக நகத்தை எடுத்துவிட்டால் என்ன?" என்ற பேச்சு வரும். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே வளர்கிறது. அதனால் அந்த அறுவை சிகிச்சையில் ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே துண்டிக்கிறார்கள். முன்கால்களில் மட்டும் பத்து இடத்தில் வெட்டு. எலும்புத் துணுக்கு உள்ளே தங்கினால் நாள்பட்ட வலி. வேர்த் திசு மிஞ்சினால் நகம் கோணலாக மறுபடி முளைக்கும். மணல் பாதத்தில் குத்துவதால் சில பூனைகள் மணல் தட்டையே ஒதுக்கிவிட்டு மெத்தையில் போகும். பிறாண்ட முடியாதது கடிக்கத் தொடங்குவதும் உண்டு. இஸ்ரேல் 2011இலும் நியூயார்க் மாநிலம் 2019இலும் இதைத் தடை செய்தன. ஒரு சோபாவுக்காக இதைச் செய்யக் கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

இனி உறைக்கு வருவோம். முதலில் நகத்தை வெட்ட வேண்டும். விரலின் மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்த ஓட்டமுள்ள பகுதி. அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நுனியை மட்டும் நறுக்குங்கள். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும். பிறகு உறையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பசை விட்டு, நகத்தில் செருகி, ஐந்து நிமிடம் பூனையை நக்க விடாமல் மடியில் வைத்திருங்கள். பசை கூடினால் வழிந்து முடியோடும் தோலோடும் ஒட்டிக்கொள்ளும். பூனை விடாமல் கடித்துப் பிடுங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

அளவுதான் அடுத்த சிக்கல். உறை பெரிதானால் நகம் உள்ளே மடங்காது, பூனை காலை உதறி உதறி நடக்கும். நம் பக்கத்துக் கம்போங் பூனைகள் பெரும்பாலும் மூன்று, நான்கு கிலோதான். அவற்றுக்கு எஸ் (சிறிய) அளவு போதும். எடை பார்க்காமல் எம் (நடுத்தர) அளவு வாங்குவதே வழக்கமான தவறு.

நான்கு முதல் ஆறு வாரத்தில் நகம் வளர, உறை தானாகக் கழன்று விழும். விழாததை அதற்கு மேல் விட்டுவைத்தால் நகம் வளைந்து பாதத்தில் குத்தும். வாரம் ஒரு முறை பத்து விரலையும் பார்த்துவிடுங்கள்.

உண்மையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நகம் வெட்டி, பிறாண்ட ஒரு கட்டையும் வைத்தால் பாதி வீடுகளுக்கு உறையே தேவைப்படாது. பழைய நகத்தோலை உரிக்கவும், பாதத்தின் வாசனையைப் பதிக்கவும், முதுகை நீட்டவும் பூனை பிறாண்டியே ஆகும். கடையில் விற்கும் நாற்பது சென்டிமீட்டர் கட்டையில் உடம்பை நீட்டவே முடியாது. குறைந்தது எண்பது வேண்டும். ரப்பர் மரக்கட்டை ஒன்றில் ஹார்ட்வேர் கடை சிசால் கயிற்றை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றி, கனமான பலகையில் அறைந்தால் போதும். ஆடினால் பூனை ஒரு முறை தொட்டுவிட்டு மறுபடி சோபாவுக்கே போய்விடும். கட்டையை மூலையில் ஒளிக்காமல் சோபாவை ஒட்டியே வையுங்கள்.

உறைதான் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று: அந்தப் பசை ஈரத்தில் இறுகும் வகை. நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்த குழாய் சீக்கிரம் கெட்டியாகிவிடும். மூடியை இறுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஐஸ்பெட்டியில் வைத்தால் இரண்டாம் சுற்றுக்கும் உதவும்.