அப்பப்பாவின் தொப்பிச் சின்னத்தை மாற்றிவிட்டார்கள்: பழைய சாமான் கையில் இருப்பவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்தில் வீட்டில் பழைய பதக்கம், பட்டாளத்துத் தொப்பி, பொத்தான் என்று ஏதாவது வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என் அப்பப்பா 1942இல் பிரித்தானியப் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போனவர். 1946இல் திரும்பி வந்தார். எந்தப் படைப்பிரிவு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவருடைய கடுதாசிகள் எல்லாம் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. மிஞ்சியது ஒரு காக்கித் தொப்பி மட்டும்தான். படகு மாதிரி மடித்து, தலையில் ஒருபக்கம் சரித்துப் போடும் தொப்பி. உள்துணியில் 1942 என்ற ஆண்டும் ஒரு அம்புக்குறியும் அடித்திருக்கும். அந்த அம்பு பிரித்தானிய அரசின் சொத்து என்பதற்கான அடையாளம் என்று பின்னர் அறிந்தேன்.

இந்தியன் ஆமி இருந்த காலத்தில் அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தா. யாருடைய பட்டாளத் தொப்பி என்றாலும் வீட்டில் இருப்பது ஆபத்தான காலம் அது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோதும் அது அம்மாவின் பைக்குள் இருந்தது. அந்த நெரிசலில் பை விழுந்து, சின்னத்தில் இருந்த இலை வளையத்தின் இடப்பக்கக் கீழ் இலை ஒன்றின் நுனி உடைந்துபோனது. இந்த உடைவை மறக்காதீர்கள், கடைசியில் திரும்பவும் சொல்வேன்.

சின்னத்தில் ஒரு துவக்கு, ஒரு மண்வெட்டி, ஒரு பிக்காசு மூன்றும் குறுக்காக இருக்கும். மேலே இலை வளையமும் அரச முடியும் (கிரீடம்), கீழே நாடா மாதிரி வளைந்த பட்டியில் ஆங்கில எழுத்தில் மூன்று சொற்கள். இது என்ன படை என்று அறிய ஆசைப்பட்டு, பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

"தம்பி, இது பட்டாளச் சாமானே இல்லை. மண்வெட்டியும் பிக்காசும் பட்டாளத்துக்கு என்னத்துக்கு? பி.டபிள்யூ.டி. கூலியாக்களின்ர தொப்பி" என்றார் அவர். பி.டபிள்யூ.டி. என்றால் பாதை, பாலம் போடும் அரசாங்கத் திணைக்களம்.

"அண்ணை, அப்ப துவக்கு எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொழும்பில் தனக்குத் தெரிந்த நிபுணர் ஒருவர் இருக்கிறார், சான்றிதழோடு எடுத்துத் தருகிறேன், 18,000 ரூபாய் ஆகும் என்றார். நான் காசையும் கொடுத்துத் தொப்பியையும் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. அதுதான் நான் விட்ட பிழை.

மூன்று கிழமை கழித்துத் தொப்பி வந்தது. சின்னம் புதுச் செம்பு மாதிரிப் பளபளத்தது. "மினுக்கியும் தந்திருக்கிறம்" என்றார். சான்றிதழில் "றோயல் எஞ்சினியர்ஸ், 1914–1918" என்று இருந்தது. அப்பப்பா பிறந்ததே 1919இல். அதோடு றோயல் எஞ்சினியர்ஸ் என்ற பொறியியல் படையின் சின்னத்தில் மண்வெட்டி கிடையாது. நடுவில் மன்னரின் பெயரெழுத்தும், அதைச் சுற்றிப் பிரெஞ்சு வாசகம் பொறித்த பட்டியும், இலை வளையமும் இருக்கும்.

அந்த மூன்று சொற்களையும் கொழும்புத்துறையில் இருக்கும் வயதான ஃபாதர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்தவுடனே வாசித்தார்: "லாபோர் ஓம்னியா வின்சிற்". லத்தீன். உழைப்பு எல்லாவற்றையும் வெல்லும் என்று அர்த்தம். அந்த வாசகத்தை வைத்துத் தேடியபோது ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்தது. அது பயனியர் கோர். 1939இல் தொடங்கி, 1940 நவம்பரில் அந்தப் பெயரைப் பெற்ற படை. பாதை போடுவது, கப்பலில் சாமான் ஏற்றி இறக்குவது, முகாம் கட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. 1946இல் அதற்கு "றோயல்" என்ற பட்டம் கிடைத்தது. அப்பப்பா திரும்பி வந்ததும் அதே ஆண்டுதான். அவரைக் கூலியாள் என்று சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாகச் சுட்டது. காசு கொடுக்காமலே அறிந்திருக்கக்கூடிய விஷயம் இது.

அதைவிடப் பெரிய அநியாயம் அன்றிரவுதான் தெரிந்தது. பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காக மகள் முன்பு எடுத்த படம் போனில் இருந்தது. பக்கத்தில் தொப்பியை வைத்துப் பார்த்தேன். முடி வேறு! படத்தில் இருந்த முடியின் மேற்பகுதி கவிழ்த்து வைத்த சிரட்டை மாதிரி உருண்டையாக இருக்கிறது. தொப்பியில் இருந்த முடியோ இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் பள்ளம். படத்தில் இருந்தது மன்னர் காலத்து முடி. தொப்பியில் இருந்தது எலிசபெத் அரசியின் காலத்துக்கு உரியது. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இறந்ததே 1952 பெப்ரவரியில். 1946இல் பட்டாளத்தை விட்டு வந்தவரின் தொப்பியில் அரசியின் முடி எப்படி வரும்?

அடுத்த நாள் கஸ்தூரியார் வீதியில் எனக்குத் தெரிந்த நகைத் தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, சின்னத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது வார்ப்பு" என்றார். அச்சில் அடித்த தகட்டில் முன்பக்கம் மேடாக இருப்பது பின்பக்கம் குழியாக விழும், இதில் பின்பக்கம் மொட்டையாக, ஊசி குத்தியது போலக் காற்றுக்குழிகளோடு இருக்கிறது என்று காட்டினார். அப்புறம் அவரே தொப்பித் துணியைப் பார்க்கச் சொன்னார். எண்பது வருடம் சின்னம் மூடியிருந்த இடத்தில் காக்கி வெளிறாமல் அதே உருவில் கருமையாக இருந்தது. புதுச் சின்னம் அந்த உருவை முழுதாக மூடவில்லை. சுற்றிவரக் கரும்பச்சைக் கோடு தெரிந்தது. உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் ஒன்றைப் பார்த்து அச்செடுத்து வார்த்தால் கொஞ்சம் சிறிதாகத்தான் வரும் என்று விளக்கினார்.

சான்றிதழ் தந்தவரிடம் திரும்பிப் போய்க் கேட்டபோது, "நீங்கள் தந்ததுதான் இது, ரசீது இருந்தால் காட்டுங்கோ" என்றார். கடைசியில் 5,000 ரூபாய் தருகிறேன், விஷயத்தை விடுங்கள் என்றார். நான் வாங்கவில்லை. பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொண்டார்கள். ஆனால் என்னிடம் பின்பக்கப் படமும் இல்லை, ரசீதும் இல்லை என்பதால் இழுபடுகிறது.

ஆகவே யாரிடமும் கொடுக்க முன் முன்பக்கம், பின்பக்கம், உள்துணி மூன்றையும் படம் எடுங்கள். ஒரு நகைக்கடையில் சின்னத்தை நிறுத்து, நிறையை எழுதி வையுங்கள். என்ன முடி, என்ன வாசகம், எங்கே உடைவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் பொருளைக் கையோடு கொண்டு வாருங்கள். பிராசோ மாதிரி உலோகம் மினுக்கும் மருந்து போட்டு மினுக்கவே வேண்டாம். பழைய களிம்பு போனால் மதிப்பும் போகும், மாற்றிவிட்டார்களா என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். வாங்கி விற்பவரே எழுதித்தரும் சான்றிதழுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

யாராவது பயனியர் கோர் சின்னம் ஒன்றை உங்களிடம் விற்க வந்தால் இதைப் பாருங்கள்: சிரட்டை மாதிரி உருண்ட முடி, மங்கிய பித்தளை, இலை வளையத்தின் இடப்பக்கக் கீழ் இலையில் நுனி இல்லை. அது எங்களுடையது. கேட்கும் விலையைக் கொடுத்து நானே வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. தொப்பி வந்துவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறா. சின்னம் மாறியதை அவவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.