கசிவை அடைத்ததாகக் காட்டிய ஒளிப்பதிவு எங்கள் குழாயுடையதே அல்ல: கழிவுநீர்க் குழாய்ப் பணி குறித்து ஓர் எச்சரிக்கை

கான்கிரீட் கழிவுநீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, தரையைத் தோண்டாமலேயே அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்தப் பணிக்கு ஒப்புதல் கொடுத்துக் கையெழுத்திட்டவன் நான். வழக்கு ஆலோசனை இன்னும் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்கள் கட்டடத்தின் பின்புறம், இரண்டு மேன்ஹோல்களுக்கு இடையே 42 மீட்டர் நீளத்துக்கு, 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குழாய் ஓடுகிறது. ஐந்து வீட்டு இணைப்புகள் வழியில் அதில் சேருகின்றன. சென்ற மழைக்காலத்தின் இறுதியில் அந்தப் பாதைக்கு மேலே தரை ஒரு தாம்பாளத்தின் அளவுக்கு உள்வாங்கியது. பத்து நாட்களுக்குள் அது ஓர் ஆள் குந்தி உட்காரும் பள்ளமாகிவிட்டது. குழாயிலிருந்து கழிவுநீர் வெளியேறி மண்ணை அரித்துவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் மழைக்காலத்தில் நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது. நிலத்தடி நீர்மட்டம் குழாய்க்கு மேலே உயரும்போது, குழாய்த் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும், பழுதடைந்த மூட்டுகளின் வழியாக வெளியிலுள்ள நீர் குழாய்க்குள் புகுகிறது. புகும்போது சுற்றியுள்ள நுண்மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. மண் போன இடத்தில் பொந்து விழுகிறது, மேல்தரை அமர்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கியபின் அதே மூட்டுகளின் வழியாகக் கழிவுநீர் வெளியே கசிகிறது. ஒரே பழுது பருவத்துக்கு ஒரு முகம் காட்டும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்திருந்தால், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டிருப்போம்.

பழுதைப் பார்க்க வந்த நிறுவனத்தார் மிகவும் நயமாகப் பேசினார்கள். எல்லா மூட்டுகளிலும் பாலியூரித்தேன் கிரவுட் எனும் அடைப்புக் கலவையைச் செலுத்துவோம், குழாயின் உட்புறம் முழுவதும் ரெசின் லைனர், அதாவது இறுகும் பிசினாலான உள்ளுறை, போடுவோம், ஐம்பது ஆண்டுகளுக்குக் கவலை வேண்டாம் என்றார்கள். இந்த முறைகள் பொய்யல்ல என்பதால்தான் நாங்கள் நம்பினோம். ரெசினில் ஊறிய துணிக்குழலைக் குழாய்க்குள் செலுத்தி, அங்கேயே இறுகச்செய்து, பழைய குழாய்க்குள் புதிய குழாயை உருவாக்கும் உத்தியை எரிக் வுட் என்பவர் 1971-இல் லண்டனில் ஒரு பழைய செங்கல் சாக்கடையில் செய்துகாட்டினார். இன்று அது உலகமெங்கும் நடைமுறையில் உள்ளது. அதைப் பற்றிப் படித்துவிட்டு, இவர்களும் அதைத்தான் செய்யப்போகிறார்கள் என்று நானே சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்தோம்.

முதல் தவறு அன்றைக்கே என் கண்முன் நடந்தது. குழாயை உயரழுத்த நீர் பாய்ச்சிச் சுத்தம் செய்யாமல் கேமராவை உள்ளே விட்டார்கள். சேறும் கொழுப்பும் வேரும் அடைத்துக் கிடக்கும் குழாயில் கேமரா நகராது. நகர்ந்தாலும் மூட்டுகள் தெரியாது. ஏறத்தாழ 6 மீட்டர் போனதும் நின்றுவிட்டது. இரண்டு மூட்டுகள்தான் பழுது, மற்றவை நன்றாக உள்ளன என்று அதை வைத்தே அறிக்கை எழுதினார்கள். மீதமுள்ள 36 மீட்டரை அன்று யாருமே பார்க்கவில்லை.

பணி நடந்த இரண்டு நாட்களில் இன்னொன்றும் நடந்தது. பணம் போனதைவிட இதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. இருபது வயதுகூட நிரம்பியிருக்குமா என்று தோன்றிய ஓர் இளைஞனை, வாயு அளக்கும் கருவியோ இடுப்புக் கயிறோ இல்லாமல் மேன்ஹோலுக்குள் இறக்கினார்கள். நான் ஆட்சேபித்தபோது, "நாற்றமே இல்லையே சார், பயப்படாதீர்கள்" என்று மேற்பார்வையாளர் சொன்னார். நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளமே அல்ல. சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டையைப் போல நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் ஒன்றும் தெரியாது. 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே உயிர் போகும். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். அன்று வேலையை நிறுத்தச் சொல்லாமல் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தது என் குற்றம். உங்கள் வளாகத்தில் யாராவது இப்படி ஆளை இறக்க முனைந்தால், ஒப்பந்தம் போனாலும் போகட்டும், தடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் பணி முடிந்ததாகச் சொல்லி, குழாயின் உட்புறத்தைக் காட்டும் ஒளிப்பதிவு ஒன்றைக் கொடுத்தார்கள். பளபளவென்று, ஈரமே இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை பழுதற்ற குழாய் அதில் தெரிந்தது. மகிழ்ச்சியோடு மீதித் தொகையையும் கொடுத்துவிட்டோம்.

ஏழு மாதங்கள் கழித்துக் கடும் கோடையில் பின்சுவரின் அடியில் ஈரம் பூத்து, நாற்றம் எழுந்தது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் தரை மீண்டும் உள்வாங்கியது. நிறுவனத்தைத் தொடர்புகொண்டபோது, தாங்கள் கைவைத்த மூட்டுகளுக்கு மட்டுமே உத்தரவாதம் உண்டு என்றார்கள். எந்தெந்த மூட்டுகள் என்று கேட்டதற்கு ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். ரசீதில் "கசிவு சரிசெய்யும் பணி" என்ற மூன்று சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் குடிநீர் வடிகால் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரிடம் இரண்டு ஒளிப்பதிவுகளையும் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, திரையின் மூலையில் ஓடும் மீட்டர் எண்ணைப் பார்த்தார். பணிக்கு முன் எடுத்த பதிவில் மூட்டுகள் 2.5, 5.0 என்ற எண்களில் வந்தன. அதாவது எங்கள் குழாய் இரண்டரை மீட்டர் துண்டுகளால் ஆனது. பணிக்குப் பின் எடுத்ததாகச் சொன்ன பதிவிலோ மூட்டுகள் 2.0, 4.0, 6.0 என்று வந்துகொண்டிருந்தன. அதைவிட முக்கியமாக, 42 மீட்டர் ஓடி முடிந்தபோதும் ஒரு வீட்டு இணைப்பின் துளைகூடத் தென்படவில்லை. எங்களுக்கு ஐந்து இருக்க வேண்டும். அது வேறெங்கோ புதிதாகப் பதித்த குழாயின் படம். மேன்ஹோல் எண்ணோ தேதியோ அதில் எங்கும் இல்லை என்பதையும் அதன்பிறகே கவனித்தேன்.

வேறொரு குழுவை வைத்து, நீர் பாய்ச்சிக் குழாயைக் கழுவிய பின் முழு நீளத்துக்கும் கேமரா விட்டோம். முதல் மேன்ஹோலை ஒட்டிய இரண்டு மூட்டுகளில் மட்டும் பழுப்பு நிற நுரைத் திட்டுகள், காய்ந்து சுருங்கி, ஓரங்களில் விலகி நின்றன. நீரை ஈர்த்து உப்பும் வகை பாலியூரித்தேன் ஈரமண்ணில் நன்றாகப் பிடிக்கும். மண் உலர்ந்தால் சுருங்கிவிடும். மழைக்காலத்திலும் கோடையிலும் நீர்மட்டம் மாறும் இடத்துக்கு அது ஏற்றதல்ல. 17-ஆவது மீட்டருக்கு அருகிலுள்ள மூட்டில் வேர்கள் திரைபோலத் தொங்கின. 27-ஐத் தாண்டிய மூட்டில் ஒரு துண்டு மற்றதைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. பள்ளம் விழுந்த இடம் சரியாக அதற்கு மேலேதான் இருந்தது. லைனர் எங்குமே இல்லை.

மேன்ஹோலின் வாயில் குழாயின் மேல்வளைவில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். புதிய குழுவினர் முகமூடியும் வாயு அளவியும் கயிறும் கட்டி இறங்கி, ஒரு திருப்புளியால் அதைத் தட்டியபோது பூச்சு அப்படியே தகடாகப் பெயர்ந்தது. அதன் பின்னால் கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சுண்ணாம்பைப் போன்ற வெள்ளைக் களி, திருப்புளி ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தாமலேயே இறங்கியது. ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலெழுந்து குழாயின் மேல்வளைவில் படிய, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அமிலம் சிமெண்டை ஜிப்சமாக மாற்றுகிறது. இதில் பாக்டீரியாவின் பங்கை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1945-லேயே காட்டிவிட்டார். நீருக்கு அடியிலுள்ள பகுதி கெட்டியாகவே இருக்கும் என்பதால், மேலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குக் குழாய் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இளகிய பகுதியை உறுதியான கான்கிரீட் வரும்வரை செதுக்கி எடுக்காமல் அதன்மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

இரண்டாம் முறை பணியை எழுத்தில் பிரித்து ஒப்பந்தம் செய்தோம். இறங்கிய துண்டைத் தோண்டித்தான் மாற்ற வேண்டியிருந்தது. விலகிய மூட்டை லைனர் நேராக்காது. வேர்களை வெட்டியபின் மீதி நீளத்துக்கு லைனர் போட்டு, வெந்நீரால் இறுகச்செய்தார்கள். வீட்டு இணைப்புகளை வெட்டித் திறப்பதற்கு முன்பே நீர்ச்சோதனை செய்ய வேண்டும் என்று பொறியாளர் வற்புறுத்தினார். திறந்தபின் நீர் அந்தத் துளைகளுக்குள் ஏறிவிடும் என்பதால் சோதனைக்குப் பொருளில்லை. கழிவுநீர்க் குழாய்களைப் பதிப்பதற்கும் சோதிப்பதற்குமான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1610-ஐ அளவாகக் கொண்டோம். குழாயை நிரப்பி, அதன் உச்சிக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் நீர் நிற்கச்செய்து, 30 நிமிடங்களில் மட்டத்தைக் காக்க எவ்வளவு நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உட்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 0.15 லிட்டர் வரை அனுமதி. எங்கள் குழாய்க்கு அது ஏறத்தாழ 6 லிட்டர். மேன்ஹோலின் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, நானும் இரண்டு வீட்டாரும் கடிகாரத்தோடு நின்றோம். ஊற்றிய நீர் இரண்டு லிட்டரைத் தொடவில்லை. அதன்பிறகே ஐந்து இணைப்புகளும் திறக்கப்பட்டன. மேன்ஹோல் எண்ணையும் தேதியையும் ஒரு பலகையில் எழுதிக் கேமராவின் முன் காட்டி, அங்கிருந்து வெட்டாமல் தொடர்ந்து எடுத்த ஒளிப்பதிவைப் பார்த்து, ஐந்தையும் எண்ணிய பின்பே கடைசித் தவணையைக் கொடுத்தோம்.

முதல் நிறுவனத்திடமிருந்து இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. இரண்டு மீட்டருக்கு ஒரு மூட்டு வரும் அந்த ஒளிப்பதிவை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். "பணி முடிந்த குழாய்" என்று யாராவது உங்களிடமும் படம் காட்டியிருந்தால், மீட்டர் எண்ணோடு அதை எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.