வெள்ளரிச் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள்: என் மதிப்பீடு

வெள்ளரியின் முதிர்ந்த இலைகளில் மாவு தூவியதுபோல் வெண்புள்ளிகள் தென்பட்ட அன்றே, 80 சதவீத நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் நீரில் கலக்கி, இலைகளின் இருபுறமும் நனையுமாறு தெளித்தேன். விரலால் தேய்த்தால் அகலும் அந்த வெண்பூச்சே சாம்பல் நோயின் அடையாளம். நரம்புகளுக்கிடையே கோணவடிவ மஞ்சள் திட்டுகளாகத் தோன்றும் அடிச்சாம்பல் நோய்க்கு இத்தூளை நம்பக் கூடாது.

பத்து நாட்களில் புதிய தளிர்கள் தெளிவாக வந்தன. வெளுத்த இலைகள் மீளவில்லை. கந்தகம் நோய் பரவுவதைத் தடுக்குமே தவிர, பட்ட இலையைக் குணமாக்காது.

ஒருமுறை வெயிலேறிய பின் தெளித்ததில் இலை விளிம்புகள் கருகிவிட்டன என்பதால், 32 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமுள்ள நாட்களில் இதைத் தவிர்க்கிறேன். எளிதில் கருகும் முலாம்பழக் கொடிகளில் இன்னும் கவனம் தேவை. எண்ணெய்க் கரைசல் தெளித்திருந்தால் இரண்டு வாரம் பொறுத்தே இதைத் தெளிக்கலாம்.