மென்டர்களுக்கு எந்தப் பயிற்சி? ஒரு வார எஃப்.டி.பி., ஓராண்டு டிப்ளமா, கல்லூரிக்குள்ளேயே கேஸ் மீட்டிங்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரியில் சேரும் ஆசிரியருக்கு, பாடம் எடுக்க வேண்டிய வகுப்போடு சேர்ந்தே ஒரு மாணவர் பட்டியலும் கைக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு இனி அவர்தான் மென்டர். அண்ணா பல்கலைக்கழக விதிமுறை இவரை ஃபேகல்டி அட்வைசர் என்கிறது. படிப்பு முடியும்வரை அந்த மாணவர்களுக்கு வழிகாட்ட வேண்டியவர் அவர். பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வின் ஒன்பதாவது அளவுகோலில் மென்டரிங்குக்குத் தனி இடம் இருக்கிறது. மென்டர் ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று, கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் கணக்குக் கேட்கும். 25 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று யு.ஜி.சி. 2015-லேயே சொல்லிவிட்டது. இப்படி எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஆசிரியருக்கு இந்த வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் ரொம்ப நாளாக எழவே இல்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதையும் கேட்டுவிட்டது. மாணவர் மனநலம் குறித்து அது வகுத்த வழிகாட்டுதல்களின்படி, ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநல வல்லுநர்களிடம் பயிற்சி பெற வேண்டும். உளவியல் முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகளை அடையாளம் காண்பது, தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவது ஆகியவை அந்தப் பயிற்சியில் இருக்க வேண்டும்.

மென்டர் ஒருங்கிணைப்பு என் பொறுப்பில் இருப்பதால், எங்கள் கல்லூரிக்கு எது சரிப்படும் என்று நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எஃப்.டி.பி. என்னும் குறுகிய கால ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி, நீண்ட படிப்பு, மாணவர் ஒருவரின் பிரச்சினையை மென்டர்கள் கூடிப் பேசும் கேஸ் மீட்டிங் என்று மூன்று வழிகளைப் பரிசீலித்து, கல்லூரிக்குள்ளேயே நடத்தும் கேஸ் மீட்டிங்கைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எஃப்.டி.பி.யின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் நடத்தும் 36 மணி நேர ஆன்லைன் வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவும். அதன் எட்டுத் தலைப்புகளில் மாணவர் பன்மைத்தன்மையும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியும் ஒன்று. நல்ல பேச்சாளர் அமைந்தால், வகுப்பில் பின்தங்கும் மாணவனைப் பார்க்கும் பார்வையே மாறும். எங்கள் ஆசிரியர்கள் சிலருக்கு மாறியிருக்கிறது. அதனால் போகவே வேண்டாம் என்று யாரையும் நான் தடுப்பதில்லை.

ஆனால் அமெரிக்காவில் கல்லூரி ஆலோசகர்களுக்கான நகாடா அமைப்பு 2017-ல் வெளியிட்ட திறன் வரையறையை எஃப்.டி.பி.க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது விடுபடுகிறது என்று தெரியும். ஆலோசகருக்கு வேண்டியதை அது மூன்றாகப் பிரிக்கிறது: கருத்துத் தெளிவு, தகவல் அறிவு, உறவுத் திறன். திரையில் கேட்கும் விரிவுரை முதலாவதைத் தரும். இரண்டாவதைத் தேசிய அளவிலான வகுப்பு எதிலும் எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் அந்தத் தகவல் முழுக்க உள்ளூர்த் தகவல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்த மாணவனுக்கு எந்தெந்தக் கட்டணத்தை அரசு ஏற்கிறது, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் யாருக்கு வரும், யாருக்கு வராது, அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே போனால் கண்டோனேஷனுக்கு (அந்தக் குறைவைப் பொறுத்துத் தேர்வெழுத விடுவதற்கு) எந்தக் காரணத்தை ஏற்பார்கள், எது வரை ஏற்பார்கள், இதெல்லாம் மென்டருக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். மூன்றாவதான உறவுத் திறன், ஆளோடு ஆள் பேசிப் பழகினால்தான் வரும்.

இரண்டாவது வழி நீண்ட படிப்பு. ஐ.ஐ.டி.க்களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.-இல் உளவியல், ஆலோசனை சார்ந்த பாடங்கள் வருகின்றன. படிக்கக் காசில்லை, தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய். எட்டு வாரப் பாடத்தை ஓர் எஃப்.டி.பி.க்குச் சமமாகவும், பன்னிரண்டு வாரத்தை ஒன்றரைக்குச் சமமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டுதல், ஆலோசனை டிப்ளமா இருக்கிறது. ஆறு மாதம் தொலைநிலை, மூன்று மாதம் நேரடி, மூன்று மாதம் களப்பயிற்சி. அது பள்ளியை மனத்தில் வைத்து வடிவமைத்த படிப்பு. நான் படித்ததில்லை. படித்தவர்களோடு பேசியதை வைத்துச் சொன்னால், கேட்கும் பழக்கத்தை அது அடியோடு மாற்றிவிடுகிறது. கல்லூரிக்கு ஒருவர் இதைப் படித்திருந்தால் பெரிய பலம். ஆனால் ஒரு செமஸ்டரில் இரண்டு தியரி, ஒரு லேப், எக்ஸாம் டியூட்டி எல்லாம் பார்க்கும் எல்லா ஆசிரியர்களையும் இதில் சேர்க்க முடியாது.

மூன்றாவது வழியை எப்படி நடத்துகிறோம் என்று சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி பீரியடில், ஒரு துறையின் மென்டர்கள் ஓர் அறையில் கூடுகிறோம். ஒருவர் தன் மாணவர் ஒருவரின் பிரச்சினையைப் பெயர் சொல்லாமல் சொல்வார். முதல் பாதி நேரம் மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம். "நானா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பேன்" என்று ஆரம்பிப்பவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம். பக்கத்து ஊரிலிருந்து வரும் மனநல சமூகப் பணியாளர் ஒருவர் கூட உட்கார்ந்து கேட்பார், கடைசியில்தான் பேசுவார். அவருக்கு ஒரு மதிப்பூதியம், எங்களுக்கு ஒரு பீரியட். செலவு அவ்வளவுதான்.

ஒரு கேஸ் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதலாண்டு மாணவன், அரசுப் பள்ளி, தமிழ் வழி. முதல் இன்டர்னல் தேர்வில் கணிதமும் இயற்பியலும் போய்விட்டன. திங்கட்கிழமை என்றால் காலை இரண்டு பீரியடும் ஆப்சென்ட். மென்டர் கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருக்கிறார், அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார், "இனிமே கரெக்டா வந்துருவேன் சார்" என்று எழுதியும் வாங்கியிருக்கிறார். அடுத்த திங்களும் ஆப்சென்ட். மீட்டிங்கில் ஒரு மேடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஞாயித்துக்கிழமை ராத்திரி அவன் எங்க சார் இருப்பான்?" மென்டரிடம் பதில் இல்லை. மறுநாள் அவனிடம் கேட்டிருக்கிறார். வீட்டில் கடன், அதனால் ஞாயிறு ராத்திரி சொந்தக்காரர் தறிக்குடோனில் நைட் ஷிஃப்ட். விடிந்து வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து வருகிறான். பேசப் பேச இன்னொன்றும் தெரிந்தது. தமிழ்ப்புதல்வன் பணம் அவனுக்கு வரவே இல்லை, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கவில்லை. அதை அந்த வாரமே சரி செய்தார்கள். ஷிஃப்ட் சனிக்கிழமைக்கு மாறியது. இயற்பியலை அடுத்த இன்டர்னலில் தேற்றிவிட்டான். கணிதம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த மென்டர் அதற்கு முன்பே எஃப்.டி.பி. முடித்தவர், அக்கறையான மனிதர். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றாமல் போனதற்கு அறிவுக் குறைவு காரணமில்லை. தன் மாணவனைப் பற்றிப் பிறர் கேள்வி கேட்கும் சூழல் அதுவரை அவருக்கு வாய்க்கவில்லை. இப்போது புது மாணவர் யார் வந்தாலும் அவரே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்.

இத்தனையும் சொன்னாலும், கடைசியில் என்னை இந்தப் பக்கம் தள்ளிய காரணம் வேறு. அது ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பது.

சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செமஸ்டர் முடிந்தால் யாராவது ஒருவர் கிளம்புவார். முழுநேர பிஎச்.டி.க்கு, கூடுதல் சம்பளத்துக்கு, ஊர் மாற்றத்துக்கு. நான்கு வருடப் படிப்பில் ஒரு மாணவி இரண்டு மூன்று மென்டர்களைப் பார்த்துவிடுகிறாள். ஒவ்வொருவரிடமும் வீட்டுக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், மூன்றாவது ஆளிடம் சொல்லவே மாட்டாள். கல்லூரி செலவழித்துத் தந்த பயிற்சி என்ன ஆகும்? சான்றிதழ் ஆசிரியரின் ஃபைலோடு அடுத்த கல்லூரிக்குப் போகும். அது அவர் உழைத்துப் பெற்றது, போவதில் தவறே இல்லை. ஆனால் அவர் விட்டுச்செல்லும் மாணவர்களிடம் அடுத்து வருபவர் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கேஸ் மீட்டிங்கில் பயிற்சி ஆளிடம் மட்டும் தங்குவதில்லை, அந்த அறையிலும் தங்குகிறது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரமே வந்து உட்கார்ந்துவிடுவார். எப்படிக் கேட்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், எப்போது நிபுணரிடம் அனுப்புகிறார்கள் என்று பார்த்தே பழகிவிடுவார். அவருக்கென்று தனிப் பயிற்சி நாள் ஒதுக்க வேண்டியதில்லை. விலகும் மென்டர், வேலையிலிருந்து விடுபடும் முன் புதியவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் பேச வேண்டும் என்பதை விதியாக்கினோம். அதிலும் மாணவர் சம்மதித்ததை மட்டுமே சொல்லலாம். விலகுபவர் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் படிவத்தில் லேப், நூலகம் வரிசையில் மென்டர் ஒப்படைப்புக்கும் ஒரு கையெழுத்து சேர்ந்தது. கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் இந்த ஏற்பாடு முழுவதிலும் அதிகம் பயன்பட்டது இந்தக் கையெழுத்துத்தான்.

மென்டர் நோட்டில் எதை எழுதுவது என்பதும் இங்கேதான் தெளிவானது. அந்த நோட்டை என்.பி.ஏ. குழுவும் பார்க்கும், துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யும் பார்ப்பார். மார்க், அட்டெண்டன்ஸ், ஸ்காலர்ஷிப், எடுத்த நடவடிக்கை, இவ்வளவு போதும். அப்பாவின் குடி, காதல், சாதிப் பிரச்சினை எதுவும் அதில் ஏறக் கூடாது. இதை எஃப்.டி.பி.யில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லை பற்றியும் சொல்ல வேண்டும். மென்டர் மனநல ஆலோசகர் அல்ல. தூக்கமில்லை, சாப்பாடில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் மாணவரைத் தனியாக விடாமல் அன்றே நிபுணரிடம் சேர்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416 எல்லா மென்டர்களின் போனிலும் இருக்க வேண்டும். அது 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். உச்ச நீதிமன்றம் சொன்ன இரு பயிற்சிகளை, கூட்டத்துக்கு வரும் அதே சமூகப் பணியாளரைக் கொண்டு செமஸ்டர் தொடக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்.

பலவீனங்களும் இருக்கின்றன. ஹெச்.ஓ.டி. உள்ளே உட்கார்ந்தால் ஜூனியர்கள் வாய் திறப்பதில்லை. அதை அவரிடம் சொல்ல ப்ரின்சிபால் துணை வேண்டும். எங்களுக்கு அது கிடைத்தது, எல்லா இடத்திலும் கிடைக்காது. நடத்துபவர் இரண்டு முறை தவறவிட்டால் கூட்டம் படுத்துவிடும். பதவி உயர்வுக்கு இதில் ஒரு புள்ளியும் கிடையாது, அதற்காகவே எஃப்.டி.பி. தொடர்கிறது. அரியர் குறைந்ததா என்று கேட்டால், சில வகுப்புகளில் குறைந்திருக்கிறது. அதே சமயத்தில் ட்யூட்டோரியல் நேரத்தையும் கூட்டினோம், ஆகவே இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி நடக்கும் அரசு கலைக் கல்லூரிகளில் இது இதே வடிவில் ஓடுமா என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே ஒரு வகுப்பின் எண்ணிக்கையே வேறு.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதலில் டைம்டேபிள் போடுபவரைப் பார்க்க வேண்டும். ஒரு துறையின் மென்டர்கள் எல்லோருக்கும் ஒரே பீரியட் ஃப்ரீயாக இருப்பது தானாக நடக்காது. ஆட் (ஒற்றைப்படை) செமஸ்டர் டைம்டேபிள் உருவாகும் முன்பே அந்த ஒரு மணி நேரத்தைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். டிப்ளமா படிக்க விருப்பமுள்ள ஒருவரையும் அப்போதே கேட்டு வையுங்கள். வெளியிலிருந்து வரும் சமூகப் பணியாளர் நின்றுபோனாலும் கூட்டத்தை அவர் எடுத்து நடத்தலாம்.